காளான் வால்வும் லாஸ் ஏஞ்சலஸ் புகைமூட்டமும்

பழைய எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிப் புதுப்பிக்க இறங்குகிறவர்கள் பெரும்பாலும் என்ஜினிலிருந்து எதையாவது கழற்றி எறிவதில்தான் ஆரம்பிக்கிறார்கள். எறியும் சாமான் காரின் வயதைப் பொறுத்தது. 1968-க்குப் பிந்திய அமெரிக்கக் கார் என்றால் காற்றுப் பம்பு. 1970-க்குப் பிந்தியது என்றால் கரி அடைத்த டப்பா. 1964 தொடங்கி நாலைந்து வருடத்துக் கார்களில், இரண்டு கார்புரேட்டர்களுக்கு நடுவே காளான் மாதிரி உட்கார்ந்திருக்கும் ஒரு வால்வு. "இதெல்லாம் சர்க்கார் மாட்டிவிட்டது, என்ஜினுக்கு வேண்டாத சுமை" என்பார்கள். காற்றுப் பம்பைப் பற்றி அப்படிச் சொன்னால் நான் சண்டைக்கு வர மாட்டேன். காளான் வால்வைப் பற்றிச் சொன்னால் வருவேன்.

தெற்கு கலிபோர்னியாவில், பசடீனா பக்கம், பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களைப் புதுப்பித்துக் கொடுப்பது என் பிழைப்பு. தொழில் கற்றது சென்னையில், அம்பாசடர்களில். இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கிறது. அம்பாசடரில் நெடுங்காலம் ஓடிய 1489 சிசி பெட்ரோல் என்ஜின், இங்கிலாந்தில் பிஎம்சி கம்பெனி உருவாக்கிய பி-சீரிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. 1955-ல் எம்ஜிஏ ஸ்போர்ட்ஸ் காரில் வந்ததும் அந்த 1489 சிசிதான். அதையே படிப்படியாகப் பெருக்கி 1798 சிசி ஆக்கி, 1962-ல் எம்ஜிபியில் வைத்தார்கள். முதல் எம்ஜிபியின் பானட்டைத் திறந்தபோது டேப்பட் கவர் எங்கே, டிஸ்ட்ரிபியூட்டர் எங்கே என்று எனக்கு யாரும் காட்ட வேண்டியிருக்கவில்லை.

பிஸ்டன் ரிங் எவ்வளவு புதிதாக இருந்தாலும் முழுக்க அடைக்காது. சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தத்தில் ஒரு பங்கு ரிங்கைத் தாண்டிக் கீழே கிராங்க்கேஸுக்குள் இறங்கிவிடும். எங்கள் பட்டறையில் இதைப் பேக் கம்ப்ரஷன் என்போம். மேஸ்திரி ஆயில் மூடியைத் திறந்து அதன் மேல் உள்ளங்கையைப் பிடிப்பார். கையில் மோதும் காற்றை வைத்தே ரிங் மட்டும் போதுமா, போர் பண்ண வேண்டுமா என்று சொல்லிவிடுவார். அப்படி இறங்குவதில் பெரும்பகுதி எரியாத பெட்ரோல் கலவை. கூடவே நீராவி. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. அதில் சொற்பம் கீழே இறங்கினாலும் போதும், சூடேறாத என்ஜினில் ஆயிலோடு கலந்து களிம்பாகப் படியும். பேரிங்கை அரிக்கும் அமிலமும் அதோடு சேர்ந்தே வரும். வெளியேற வழியில்லாத அழுத்தமோ பேக்கிங்குகளின் ஓரமாக ஆயிலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். அதனால் கிராங்க்கேஸுக்குச் சுத்தக் காற்று உள்ளே போக ஒரு வழியும், அழுக்குக் காற்று வெளியேற இன்னொரு வழியும் வேண்டும். இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் அது காற்றோட்டம் ஆகாது. இந்தக் கடைசி வாக்கியத்தை மறந்தவர்கள் செய்த கோளாறுகளைச் சரிசெய்தே எனக்குப் பாதி வருமானம் வருகிறது.

1960-களின் தொடக்கம் வரை உலகம் முழுக்க இதற்கு இருந்த ஏற்பாடு ஒரு இரும்புக் குழாய். கிராங்க்கேஸிலிருந்து கிளம்பி வண்டிக்கு அடியில் ரோட்டைப் பார்த்துத் தொங்கும். நுனியைச் சாய்வாக வெட்டியிருப்பார்கள். கார் ஓடும்போது அடியில் பாயும் காற்று அந்தச் சாய்வு வாயில் உறிஞ்சலை உண்டாக்கி, உள்ளே இருக்கும் ஆவியை இழுத்துவிடும். அதற்கு ஈடாக, ஆயில் மூடியில் இருக்கும் கம்பிவலை வழியாக வெளிக்காற்று உள்ளே போகும். ஏற்பாடு எளிமையானது, செலவும் இல்லை. ஆனால் வண்டி ஓரளவு வேகமாக ஓடினால்தான் உறிஞ்சல். நின்ற இடத்தில் ஓடும் என்ஜினுக்கும், நெரிசலில் ஊரும் காருக்கும் அது பெயரளவுக்குத்தான். அக்காலத்து நெடுஞ்சாலைகளில் ஒவ்வொரு தடத்தின் நடுவிலும் நீளமாக ஒரு கறுப்புப் பட்டை ஓடுவதைப் பழைய புகைப்படங்களில் பார்க்கலாம். அந்தக் கறையில் இந்தக் குழாய்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

ஆவியை ரோட்டில் விடாமல் திரும்ப என்ஜினுக்கே கொடுக்கலாம் என்ற யோசனை முதலில் பெரிதாகப் பயன்பட்டது சுற்றுச்சூழலுக்காக அல்ல. இரண்டாம் உலகப் போரில் ஆற்றைக் கடக்கும் டாங்கிகளும் ராணுவ வண்டிகளும் தண்ணீரில் இறங்கின. அடியில் திறந்த குழாய் தொங்கினால் அந்த வழியே தண்ணீர் ஏறும். குழாயை மடக்கி இன்லெட் மேனிஃபோல்டில் இணைத்தார்கள், பிரச்சினை தீர்ந்தது. போர் முடிந்ததும் சாதாரணக் கார்கள் பழைய குழாயோடேயே ஓடின. மாற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கேட்க வைத்தது நான் இப்போது குடியிருக்கும் இந்தப் பள்ளத்தாக்கு.

1943 ஜூலையில் ஒரு நாள் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின் மேல் புகை இறங்கியது. கண் எரிந்தது, தொண்டை கரகரத்தது. போர்க்காலம் ஆகையால், ஜப்பான் விஷவாயு வீசிவிட்டதோ என்றுகூடச் சிலர் பயந்தார்கள். அடுத்ததாக அலிசோ தெருவில் இருந்த செயற்கை ரப்பர் மூலப்பொருள் ஆலை மேல் பழி விழுந்தது. அதை நிறுத்தியும் புகை போகவில்லை. 1947-ல் மாவட்ட அளவில் காற்று மாசைக் கட்டுப்படுத்த ஒரு அமைப்பு வந்தது. கொல்லைப்புறத்தில் குப்பை எரிக்கும் அடுப்புகளைக்கூட 1957-ல் தடை செய்தார்கள். மூன்று பக்கம் மலை, ஒரு பக்கம் கடல், மேலே மூடி போட்டதுபோல் வெப்பக்காற்று. கீழே இருப்பது கீழேயே தங்கும் ஊர் இது.

புதிரை அவிழ்த்தவர் அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்த ஒரு டச்சுக்காரர். ஆரி ஹாகன்-ஸ்மிட், பசடீனாவில் உள்ள கால்டெக்கில் உயிர்வேதியியல் பேராசிரியர். பழத்தின் மணத்தைக் குளிரவைத்துச் சேகரிக்கும் அதே கருவியில் நகரத்துக் காற்றைச் செலுத்திப் பார்த்தார். தேங்கிய திரவத்தைப் பகுத்தார். வாகனங்களும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் விடும் ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் ஒன்றோடொன்று வினைபுரிந்து ஓசோனை உண்டாக்குகின்றன, கண்ணை எரிக்கும் பொருள்களும் அந்த வினையில்தான் பிறக்கின்றன என்று 1950-களின் தொடக்கத்தில் சொன்னார். ஓசோனை அளக்க அவர் பயன்படுத்திய பொருள் ரப்பர் துண்டு. வளைத்துவைத்த ரப்பர் எவ்வளவு சீக்கிரம் வெடிக்கிறது என்று பார்ப்பார். இந்த ஊரிலேயே காலம் கழித்த பழைய கார்களின் ஜன்னல் ரப்பரையும் ஹோஸ்களையும் மாற்றும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம் வரும்.

எண்ணெய்க் கம்பெனிகளின் பணத்தில் நடந்த எதிர் ஆராய்ச்சிகள் அவரைத் தப்பு என்றன. அந்த எரிச்சலில்தான் அன்னாசியை விட்டுவிட்டு முழுநேரமும் புகைக்கே திரும்பினார் என்று சொல்வதுண்டு. இன்னொரு பக்கம், லாஸ் ஏஞ்சலஸ் மாவட்ட மேற்பார்வையாளர் கென்னத் ஹான் 1953 முதல் டெட்ராய்ட் கார் கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். காரிலிருந்து வரும் ஆவி காற்றில் சீக்கிரம் கரைந்துபோகும், அதனால் மாசு இல்லை என்ற பொருளில் ஃபோர்டிலிருந்து பதில் வந்தது. ஹான் விடவில்லை, வருடக்கணக்காக எழுதினார்.

அதுவரை எல்லாரும் சைலன்சரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். புகை கண்ணுக்குத் தெரியும் இடம் அதுதானே. 1950-களின் இறுதியில் அளந்து பார்த்தபோது, ஒரு கார் வெளியே விடும் ஹைட்ரோகார்பன்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கிராங்க்கேஸ் குழாய் வழியாகவே போவது தெரிந்தது. எரியாத கலவை நேரடியாக இறங்கும் இடம் என்பதால் அளவு அவ்வளவு. சைலன்சர் புகையைச் சுத்தப்படுத்த நடைமுறைக்கு ஏற்ற தொழில்நுட்பம் அப்போது இல்லை. இதற்கோ ஒரு ரப்பர் ஹோஸும் ஒரு சின்ன வால்வும் போதும். டாங்கிகளுக்குச் செய்த அதே வேலைதான். 1961 மாடல் தொடங்கிக் கலிபோர்னியாவில் விற்ற அமெரிக்கக் கார்களில் பிசிவி என்ற இந்தக் கிராங்க்கேஸ் காற்றோட்ட வால்வு வந்தது. 1963-ல் அங்கே புதுக் கார்களுக்கு அது கட்டாயமானது. அதே 1963 மாடலில் மற்ற மாநிலங்களுக்கும் பொருத்தினார்கள். உலகத்தில் கார் மாசைக் குறைக்கப் பெருமளவில் பொருத்திய முதல் சாமான் இதுதான். இதையும் நாடு முழுக்கச் சீக்கிரமே பொருத்தாமல், கம்பெனிகள் தங்களுக்குள் பேசிவைத்துத் தாமதித்ததாக அமெரிக்க நீதித்துறை 1969 ஜனவரியில் வழக்கே போட்டது. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல், அதே வருடம் சமரச உத்தரவோடு வழக்கு முடிந்தது.

வால்வுக்குக் கெட்ட பெயர் வந்ததும் இந்தக் கட்டத்தில்தான். பழைய கார்களுக்கும் பொருத்தச் சொன்னபோது கலிபோர்னியாவில் பலத்த எதிர்ப்பு எழுந்து, விதியைத் தளர்த்த வேண்டியதாயிற்று. பொருத்தியவர்களும் அதைச் சுத்தம் செய்யவில்லை. அழுக்கு அடைத்தால் ஐடிலிங் தடுமாறும், ஆயில் ஒழுகும். மெக்கானிக் வால்வைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, "பார், இப்போது சரியாகிவிட்டது" என்பார். பிடுங்கியதால் வந்த கேடு தெரிய இருபதாயிரம் மைல் ஆகும், அதற்குள் கார் வேறு கைக்குப் போயிருக்கும்.

எம்ஜிபி பிறந்தது சரியாக இந்த நேரத்தில். இங்கிலாந்தில் உள்ள எம்ஜியின் ஆபிங்டன் தொழிற்சாலையிலிருந்து 1962 இலையுதிர்காலத்தில் வந்த முதல் கார்களில் பழைய ஏற்பாடுதான். முன் டேப்பட் கவரிலிருந்து ஒரு குழாய் ரோட்டுக்குப் போகும், ராக்கர் கவரிலிருந்து ஒரு சின்னக் குழாய் ஏர் கிளீனருக்குப் போகும். ஆனால் ஆபிங்டனுக்கு மிகப் பெரிய சந்தை அமெரிக்கா, அதிலும் கலிபோர்னியா. அங்கே சட்டம் மாறினால் இங்கிலாந்தில் வார்ப்பு மாறியாக வேண்டும். 1964-ன் தொடக்கத்தில் 18ஜிஏ என்ற என்ஜின் வந்தது. அதில் ரோட்டுக் குழாய் இல்லை, காளான் வால்வு இருந்தது. ஸ்பீடோமீட்டரும் கடிகாரமும் செய்து பெயர் வாங்கிய ஸ்மித்ஸ் கம்பெனியின் சரக்கு.

அமெரிக்க வால்வுகளில் ஒரு சின்ன உலோகத் துண்டு மேனிஃபோல்டின் உறிஞ்சலுக்கு ஏற்ப ஆடும். ஸ்மித்ஸ் வால்வு வேறு மாதிரி யோசித்தது. அதற்குள் ஒரு ரப்பர் தட்டு, அடியில் ஸ்பிரிங். தட்டின் மேலே வெளிக்காற்று, கீழே கிராங்க்கேஸ் ஆவி. கிராங்க்கேஸில் உறிஞ்சல் அளவுக்கு மேல் போனால் வெளிக்காற்று தட்டைக் கீழே அமுக்கி வழியைக் குறுக்கும். பேக் கம்ப்ரஷன் அதிகமானால் ஸ்பிரிங் தட்டைத் தூக்கி வழியை அகலமாக்கும். அதாவது அது கவனிப்பது மேனிஃபோல்டை அல்ல, கிராங்க்கேஸை. உள்ளே எப்போதும் வெளியைவிட ஒரு துளி குறைந்த அழுத்தம் இருக்கும்படி பார்த்துக்கொள்ளும். சுத்தக் காற்று, ஃபில்டர் வைத்த ஆயில் மூடி வழியாக வரும். புஷ்ராட் துளைகளின் வழியே கீழே இறங்கி, ஆவியைச் சேர்த்துக்கொண்டு, டேப்பட் கவரில் உள்ள ஆயில் பிரிப்பானைக் கடந்து வால்வுக்குப் போகும். ஒரு நல்ல சமையலறைக்கு இருக்க வேண்டிய ஜன்னலும் புகைபோக்கியும் போலத்தான்.

1960-களின் இறுதியில் எம்ஜிபியின் ஏற்பாடு இன்னும் ஒரு படி போனது. அதிலிருந்த எஸ்யு கார்புரேட்டரில் பிஸ்டனுக்கும் பட்டர்ஃபிளைக்கும் நடுவே உள்ள இடத்தில் உறிஞ்சல் ஏறக்குறைய மாறாமல் இருக்கும். அந்தக் கார்புரேட்டரின் தத்துவமே அதுதான். ஹோஸை நேரே அங்கே இணைத்துவிட்டால் வால்வு எதற்கு? காளான் போயிற்று. ரப்பர் தட்டு, ஸ்பிரிங் எல்லாம் போய், இரண்டு கார்புரேட்டருக்கும் பிரியும் ஒரு 'ஒய்' குழாய் மட்டும் மிஞ்சியது. அடைத்துக்கொள்ளவும் கிழியவும் ஒன்றுமில்லை. மாசுக்கட்டுப்பாடு என்ற பெயரில் பிரிட்டிஷ் கார்களில் நடந்த வேலைகளில் இதைப்போல் கச்சிதமானது இன்னொன்று கிடையாது என்பது என் அபிப்பிராயம். 1974 முதல் எம்ஜிபியில் மாட்டிய கறுப்பு ரப்பர் பம்பரைப் பற்றி வாயைத் திறக்காமல் இருப்பதே நல்லது.

இப்போது புதுப்பிக்கும் வேலைக்கு வருவோம். 1962, 63-ம் வருடத்து, கிராங்க்கை மூன்று பேரிங் தாங்கும் என்ஜினோடு ஒரு கார் வருகிறது. சொந்தக்காரர், ஆயில் சொட்டுகிறது என்பார். பிரிட்டிஷ் கார்க்காரர்களிடம் ஒரு பழைய ஜோக் உண்டு: ஆயில் சொட்டவில்லை என்றால் என்ஜினில் ஆயில் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். சிரித்துவிட்டுப் போகலாம், ஆனால் காரணம் இருக்கிறது. அந்த என்ஜினில் கிராங்க்கின் பின்கோடியில் ஆயில் சீல் கிடையாது. ஷாஃப்டில் எதிர்த்திசையில் வெட்டிய சுருள் காடிதான் ஆயிலை உள்ளே திருப்பி அனுப்பும். ட்ரயம்ஃப் டிஆர்2 முதல் டிஆர்4ஏ வரையிலும் இதே முறை. உள்ளே அழுத்தம் கூடினால் சுருள் காடியால் ஒன்றும் செய்ய முடியாது. ஆயில் கிளட்ச் பக்கம் வந்துவிடும். ஆக, காற்றோட்டம் அந்த சீலின் இன்னொரு பாதி. 1964 அக்டோபரில் ஐந்து பேரிங் என்ஜின் வந்தபோதுதான் எம்ஜிபிக்குப் பின்கோடியில் சரியான ரப்பர் சீல் கிடைத்தது.

இந்த மாதிரிக் கார்களுக்கு நான் செய்யும் மாற்றம் இதுதான்: பிந்திய வருடத்து முன் டேப்பட் கவர், அதன் ஆயில் பிரிப்பானோடு, ஃபில்டர் வைத்த ஆயில் மூடி, ஆவி வாங்கும் முனை உள்ள பிந்திய எஸ்யு கார்புரேட்டர்கள், அல்லது பழைய கார்புரேட்டர்களையே வைத்துக்கொண்டு ஸ்மித்ஸ் வால்வும் அதற்குத் துளை உள்ள மேனிஃபோல்டும். எல்லாம் ஒரே குடும்பத்துச் சாமான், போல்ட்டைக் கழற்றி மாட்டினால் சேர்ந்துவிடும். எதையும் வெட்டவோ துளைக்கவோ வேண்டாம். கழற்றிய ரோட்டுக் குழாயைச் சுத்தம் செய்து பெட்டியில் போட்டுக் காரோடு கொடுத்துவிடுவேன். நாளைக்குக் காரைப் போட்டியில் நிறுத்த வேண்டும் என்றால் ஒரு காலை நேரத்தில் திரும்ப மாட்டிக்கொள்ளலாம். 1962-ல் எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும் என்று நடுவர்கள் கேட்பது நியாயம்தான். ஆனால் இரண்டே வருடத்தில் ஆபிங்டன்காரர்களே கைவிட்ட ஏற்பாட்டை, தினமும் ஓட்டுகிற காரில் வைத்திருப்பது பக்தி அல்ல, பிடிவாதம்.

எரிச்சல் தருவது எதிர்ப்பக்கத்து மாற்றம். மேனிஃபோல்ட் துளையை அடைத்துவிட்டு, ராக்கர் கவர் மேல் பளபளப்பாக ஒரு குட்டி ஃபில்டர், டேப்பட் கவரில் இன்னொன்று. பந்தயக் காரின் தோற்றம் வந்துவிடும். காற்றை இழுக்க எதுவும் இல்லை. நீராவி உள்ளேயே தங்கும், பானட் அடியெல்லாம் ஆயில் பூத்துவிடும், காருக்குள் வாசனை. பந்தயக் காரில் ஆயில் பிடிக்கும் தொட்டி வைக்கச் சொல்வது விதி. 2000 சிசி வரை 2 லிட்டர், அதற்கு மேல் 3 லிட்டர். அது ஓடுதளத்தில் ஆயில் சிந்தாமல் இருக்க. பந்தயக் காரில் ஆயிலை அடிக்கடி மாற்றுவார்கள், என்ஜினை அடிக்கடி பிரிப்பார்கள். காய்கறி வாங்கப் போய் வரும் காருக்கு அந்த ஏற்பாடு எதற்கு? எஸ்யுவை எடுத்துவிட்டு வெபர் கார்புரேட்டர் மாட்டுகிறவர்களும் கவனிக்க வேண்டும். வெபரில் அந்த மாறாத உறிஞ்சல் உள்ள இடம் இல்லை. மேனிஃபோல்டில் வால்வு வைக்காவிட்டால் காற்றோட்டம் அதோடு போயிற்று.

மூடியிலும் ஏமாறலாம். 1970-க்குப் பிந்திய கார்களில் மூடி அடைத்தது. காற்று கரி டப்பா வழியாக ராக்கர் கவரில் உள்ள சின்னத் துளையில் அளந்து வரும். அதற்குத் திறந்த மூடி போட்டால் கார்புரேட்டருக்குக் காற்று கூடிக் கலவை மெலியும். பழைய காருக்கு அடைத்த மூடி போட்டாலோ உள்ளே உறிஞ்சல் ஏறி ஆயிலையே இழுத்து எரிக்கும். ரிங் போய்விட்டது என்று சொல்லி நீலப் புகையோடு என்னிடம் வந்த கார்களில் சிலவற்றுக்கு வேண்டியிருந்தது சரியான மூடி ஒன்றுதான்.

கலிபோர்னியாவில் 1975 மாடல் வரையிலான கார்களுக்கு இப்போது ஸ்மாக் எனப்படும் புகைச் சோதனை கிடையாது. அதனால் கழற்றலாம் என்று சட்டம் சொல்லவில்லை. அப்படியே கேட்க ஆள் இல்லை என்றாலும் என்ஜின் கேட்கும். உங்கள் காரில் ஸ்மித்ஸ் வால்வு இருந்தால், என்ஜின் சூடேறி ஐடிலிங்கில் ஓடும்போது ஆயில் மூடியைக் கழற்றிப் பாருங்கள். வேகம் ஏறக்குறைய 200 ஆர்பிஎம் கூட வேண்டும். தொழிற்சாலையின் கையேட்டிலேயே இருக்கும் சோதனை இது. கூடவில்லை என்றால் வால்வைப் பிரித்துத் துடைத்து, ரப்பர் தட்டு கிழிந்திருந்தால் மாற்றுங்கள். மூடியில் ஃபில்டர் இருப்பதால் மூடியையே 12,000 மைலுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இதற்கெல்லாம் ஆகும் செலவு, என்ஜினை இறக்கிப் பேக்கிங் மாற்றும் கூலியில் ஒரு மூலைக்குக்கூட வராது.